காதில் வைக்காமல் வாங்காதீர்கள்

இயர்போன் விற்பதும் செருப்பு விற்பதும் ஒரே தொழில்தான். போட்டுப் பார்க்காமல் வாங்கிப் போனவர் மறுநாள் வந்து, செய்தவனை விட்டுவிட்டு விற்றவளைத்தான் திட்டுவார். நாள் முழுக்கக் கடையில் நின்று கால் வீங்கியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. சிரித்துக்கொண்டே திட்டு வாங்கும் பக்குவம் உங்களுக்கு வந்திருக்கலாம். எனக்குக் கடைசிவரை வரவில்லை. அதனால் வந்த வம்புகள்தான் இவை.

எண்பதுகளின் நடுவில், மலேசியாவில் கேமரன் மலை மேல் இருக்கிற பிரிஞ்சாங்கில், சீன முதலாளியான ஒரு தவுக்கேயின் கரண்டு சாமான் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அப்பா அம்மா இருவரும் தேயிலைத் தோட்டத்தில். எனக்குக் கொழுந்துக் கூடை வேண்டாம் என்று நானே முடிவு செய்து, நானே பஸ் ஏறிப் போய், நானே வேலை கேட்டேன். கடையில் ரேடியோ, இஸ்திரிப் பெட்டி, ரைஸ் குக்கர் எல்லாம் இருந்தன. மேசை விசிறி ஒன்றும் இருந்தது. அந்தக் குளிரில் அதை யார் வாங்குவார் என்று தவுக்கே நினைத்தார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. கண்ணாடி அலமாரிக்குள்தான் என் ராஜ்ஜியம். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகிற ஜப்பான் கேசட் செட்டுகளும், அவற்றுக்கான இயர்போன்களும்.

அதுவரை தலையில் வளையம் மாதிரி மாட்டுகிற பஞ்சு வைத்த ரகம்தான் வந்துகொண்டிருந்தது. காதுக்குள்ளேயே நுழைகிற சின்ன ரகம் அப்போது புதிது. எங்களிடம் மூன்று வகை. செட்டோடு சும்மா கொடுப்பது ஒன்று. வெள்ளி நிறத்தில், காது வாசலில் உட்காருவது ஒன்று. மூன்றாவது கருப்பு, ஒயரைச் சுற்றி வைக்கத் தனி டப்பாவோடு வரும், காதுக்குள் போய் நன்றாக அடைத்துக்கொள்ளும். அதன் விலையைச் சொன்னால் கொழுந்து எடுக்கிற பெண்கள், "ஒரு மாசச் சம்பளத்தக் காதுல தொங்கவிடச் சொல்றியா?" என்று சிரிப்பார்கள்.

மூன்றையும் ஒப்பிட ஒரே ஒரு கேசட் வைத்திருந்தேன். நாதஸ்வரமும் தவிலும். சும்மா வருவதில் நாதஸ்வரம் காதைக் குத்தும், தவில் தகர டின் மாதிரி கேட்கும். வெள்ளியில் இரண்டும் சமாதானமாக இருக்கும். கருப்பில் தவிலின் இடது பக்கம் வயிற்றில் விழும், வலது பக்கத்தில் விரல்கள் தனித்தனியாக ஓடும், நாதஸ்வரக்காரர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்கும். ஆனால் காதில் சரியாக உட்காராவிட்டால் கருப்பும் தகர டின்தான். வாசல் கொஞ்சம் திறந்திருந்தால் போதும், அடிச்சத்தம் முழுக்க வெளியே போய்விடும். அதனால்தான் சொல்கிறேன், வைத்துப் பார்க்க வேண்டும்.

தொடக்கூடாது

நான் சேர்ந்த முதல் நாளே தவுக்கே ஒரு சட்டம் சொல்லியிருந்தார். கோலாலம்பூரிலிருந்து வருகிறவர்களுக்கு எல்லாவற்றையும் காட்டலாம். எஸ்டேட் ஆட்களுக்கு, "தெங்கோ போலே, பெகாங் தா போலே." பார்க்கலாம், தொடக்கூடாது. எஸ்டேட் காது அழுக்கு, மெழுகு ஒட்டிக்கொள்ளும் என்பது அவர் கணக்கு. என் காதும் எஸ்டேட் காதுதான் என்பது அவருக்கு நினைவில்லை. நானும் முதல் இரண்டு மாதம் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் லயத்து மாரியாயி அக்கா இன்னும் இரண்டு பெண்களோடு வந்தார். கண்ணாடியில் மூக்கை ஒட்டிவைத்துக்கொண்டு, "அது என்னடி சரோஜா, கருவண்டு மாதிரி?" என்றார். எடுத்துக் காட்டினேன். கல்லாவிலிருந்து தவுக்கே, "சரோ! தா போலே!" என்று கத்தினார். கடையில் இருந்த எல்லாரும் திரும்பினார்கள். மாரியாயி அக்கா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். அந்தக் கை பின்னால் போனதைப் பார்த்ததும் எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. ஸ்பிரிட் பாட்டிலை எடுத்தேன், பஞ்சை நனைத்துத் துடைத்தேன், "தவுக்கே, கோலாலம்பூர்க்காரங்க கழட்டினப்புறமும் இப்படித்தான் தொடைக்கிறேன். மெழுகு எல்லாக் காதுலயும் இருக்கு" என்று சொல்லிவிட்டு அக்காவின் காதில் வைத்தேன். நீளமான ஒயரைக் கழுத்துக்குப் பின்னால் சுற்றி வலது காதுக்குக் கொண்டுபோனேன். தோடு இடித்தது. கொஞ்சம் திருப்பியதும் உட்கார்ந்துகொண்டது.

அக்கா கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கூட வந்தவர்கள் முந்தானையைப் பிடித்து இழுத்தும் அசையவில்லை. கேசட் ஒரு பக்கம் முடிகிறவரை தவுக்கே எங்களை முறைத்துக்கொண்டே இருந்தார். பிறகு அக்கா நிதானமாகக் கழற்றி, தானே பஞ்சு வாங்கித் துடைத்து, நேராகத் தவுக்கேயின் கையில் கொண்டுபோய் வைத்தார். "நல்லாத்தான் இருக்கு தவுக்கே. ஆனா வாங்க மாட்டேன். காசு இல்லாததால வாங்கல. புடிக்காம போயிட்டேன்னு நெனச்சுக்காதீங்க."

அன்றிலிருந்து கருப்புக்கு வண்டு என்றே பெயர் நிலைத்துவிட்டது.

தாப்பா ரோட்டில் வந்த காது

தாப்பாவிலிருந்து மேலே ஏறி வருகிற ரோடு எப்படி வளையும் என்று தெரியும் அல்லவா? பாதிப் பேருக்கு வயிறு புரளும், பாதிப் பேருக்குக் காது அடைக்கும். ஒருவர் கோலாலம்பூரிலிருந்து கார் ஓட்டிக்கொண்டு நேராக எங்கள் கடைக்கு வந்தார். நல்ல ஜலதோஷம் வேறு. வண்டு வேண்டும் என்றார். கேட்டார். முகம் சுளித்தார். வெள்ளியைக் கேட்டார், அதற்கும் சுளித்தார். "இதெல்லாம் டூப்ளிகேட்டுலா. மலை மேல இருக்கறவங்களுக்கு எதக் குடுத்தாலும் வாங்குவாங்கன்னு அனுப்பிடறானுங்க. ஒனக்கு இதப் பத்தி என்னம்மா தெரியும்?" என்றார்.

"சார், உங்க காது அடைச்சிருக்கு. எச்சில முழுங்குங்க" என்றேன். அவருக்குக் கோபம். தவுக்கேயைக் கூப்பிட்டார். தவுக்கே எனக்குக் கண்ணைக் காட்டினார்: விற்றுவிடு, பேசாதே என்று அர்த்தம். நான் வண்டை டப்பாவில் போட்டு மூடிவிட்டேன். "காது திறக்காம விக்க மாட்டேன். வீட்டுக்குப் போய்க் கேட்டுட்டு நாளைக்கு என்னத்தான் திட்டுவீங்க" என்று சொல்லிவிட்டு, என் பையில் இருந்த புளிப்பு மிட்டாய் ஒன்றை மேசையில் வைத்தேன். பத்து நிமிஷம் சண்டை. நடுவில் எதற்கோ அந்த மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். சப்பிச் சப்பித் திட்டினார். திடீரென்று நிறுத்தி, தெருவில் போன காய்கறி லாரியின் சத்தத்துக்குத் திரும்பிப் பார்த்தார். நான் டப்பாவைத் திறந்து வண்டை நீட்டினேன். மாட்டிக்கொண்டார். பிறகு கடை அதிரக் கேட்டார்: "ஏம்மா, இவ்ளோ நேரம் சத்தத்தக் கொறச்சு வச்சு வெளாடினியா?"

யார் காதை அளந்தான்?

வண்டுக்கு ஒரு குறை. ஆம்பிளைக் காதில் பெரும்பாலும் உட்கார்ந்தது, சின்னக் காதுள்ள பெண்களுக்கு நழுவி நழுவி விழுந்தது. ஈப்போவிலிருந்து சரக்குக் கொண்டுவருகிற விற்பனைக்காரரிடம் சொன்னேன். டை கட்டிய ஆள். எங்கள் குளிரில் அவருக்கு மட்டும் எப்போதும் வியர்க்கும். "இது ஜப்பான்ல மெஷின் வச்சு அளந்து செஞ்சது. எல்லாக் காதுக்கும் சரியா இருக்கும்" என்றார். "யார் காத அளந்தான்? எங்க லயத்துக்கு எவனும் அளக்க வரலியே" என்றேன்.

நானே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தேன். சைக்கிள் வால்வு ரப்பரைச் சின்ன வளையமாக வெட்டி வண்டின் மூக்கில் மாட்டி, அதற்கு மேல் பஞ்சு உறையைப் போட்டால் நழுவாது, அடிச்சத்தமும் நிற்கும். அதைப் பார்த்ததும் விற்பனைக்காரர் பதறிவிட்டார். சாமானில் கை வைத்தால் உத்தரவாதம் போய்விடுமாம், கம்பெனிக்கு எழுதிப்போட்டு எங்கள் கடைக்குச் சரக்கே நிறுத்திவிடுவாராம். தவுக்கே எனக்குப் பின்னால் பெருமூச்சு விட்டார். "எழுதுங்க. அதுக்கு முன்னாடி நீங்க மாட்டிக்கிட்டுத் தலைய ஆட்டிக் காட்டுங்க" என்றேன். மாட்டினார். வலது பக்கம் ஆட்டினார், நின்றது. என்னைப் பார்த்து வெற்றிச் சிரிப்பு. இடது பக்கம் ஆட்டினார். வண்டு நழுவி, தவுக்கே அவருக்காக வாங்கி வைத்திருந்த டீயில் நேராகப் போய் விழுந்தது. எல்லாரும் அந்தக் கோப்பையையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் ஒயரைப் பிடித்து மெல்லத் தூக்கினார். சொட்டியது. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அந்த ரப்பர ஒரு தடவ காட்டுங்க."

விசில்

பார்வதி என்று ஒரு பெண். என் வயதுதான், கொழுந்து எடுக்கிறவள். சீட்டுப் பணம் கிடைத்ததும் நேராக வந்து வண்டு வாங்கிப் போனாள். தலையில் துணி கட்டி, மேலே தொப்பி வைத்துக்கொண்டால் காதுக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? ஒரு நாள் கங்காணி அவளையும் இழுத்துக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார். மலைச்சரிவில் நின்று விசில் ஊதினாராம், எல்லாரும் திரும்பினார்களாம், இவள் மட்டும் தன் பாட்டுக்குக் கிள்ளிக்கொண்டே போனாளாம். "இனிமே எங்க எஸ்டேட் புள்ளைங்களுக்கு இத விக்காத. வித்தேன்னா உங்கப்பன்கிட்ட பேசிக்கறேன்" என்றார்.

"எங்கப்பாகிட்ட எதுக்கு கங்காணி? விக்கிறது நான், எங்கிட்ட பேசுங்க. கொழுந்து கொறஞ்சுதா?" என்றேன். பார்வதி சொன்னாள்: "கூடியிருக்கு. அத மட்டும் வாயத் தொறந்து சொல்ல மாட்டாரு." ஆனால் அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, பின்னால் வருகிற லாரிச் சத்தம் கேட்காமல் போனால் ஆபத்து. வண்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு வெள்ளியைக் கொடுத்தேன். அது காதை அடைக்காது, பாட்டும் கேட்கும், வெளிச்சத்தமும் கேட்கும். கங்காணி நம்பவில்லை. அவர் காதிலேயே மாட்டிவிட்டு, "ஊதிப் பாருங்க" என்றேன். மனுஷன் கடைக்குள் நின்று விசிலை ஊதினாரே பார்க்கலாம். தெருவில் போனவர்கள் நின்றார்கள். கியா பார்மிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றி வந்த லாரி பிரேக் போட்டு நின்றது. தவுக்கே இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். கங்காணி இன்னொரு தடவை விசிலை வாய்க்குக் கொண்டுபோனார், நிறுத்தினார். தலை லேசாக ஆடியது. "விசிலு கேக்குது சரோஜா. ஆனா இந்த எடத்துல தவிலு நல்லா வருது, ஊத மனசு வரல."

ஒரு பக்கம் பாடவில்லை

முனியாண்டி அண்ணன் தேயிலை பெக்டரியில் உருட்டு மெஷினில் வேலை பார்த்தார். பேட்டரி வாங்க வந்தவரை நான்தான் சும்மா கேட்டுப் பாருங்கள் என்று பிடித்து நிறுத்தினேன். மாட்டிய உடனே, "இது கெட்டுப்போனது புள்ள. ஒரு பக்கம் பாடல" என்றார். வேறு ஒன்று கொடுத்தேன். அதுவும் அப்படியே. இடதை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றி வைத்தேன். பாடாத பக்கம் மாறவில்லை. அண்ணன் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, பேட்டரியைக்கூட எடுக்காமல் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருடமாக அந்த இடது காதைத்தான் மெஷின் பக்கம் கொடுத்து நிற்கிறார். பேக்கிங் வேலைக்கு மாற்றச் சொல்லி ஏற்கெனவே கேட்டிருக்கிறார். ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணி, நடிக்கிறான் என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். "நானே நம்பிட்டேன் புள்ள, சோம்பேறித்தனம்தான் போலிருக்குன்னு" என்றார்.

என்னால் அதைக் கேட்டுவிட்டுப் பேட்டரி விற்க முடியவில்லை. இடது காதுக்கும் வலது காதுக்கும் தனித்தனியாகச் சத்தம் கூட்டிக் குறைக்கிற செட் ஒன்று இருந்தது. அதையும் வண்டையும் பையில் போட்டேன். தவுக்கே வழியை மறித்தார். எஸ்டேட் பங்களாவுக்கு ஃபிரிட்ஜ் விற்கிற கடை இது, அவர்களோடு வம்பு வேண்டாம், போனால் திரும்பி வராதே என்றார். சரி என்று சொல்லிவிட்டுப் போனேன்.

ஆபீஸில் கிராணி என்னைப் பார்த்ததும் சிரித்தார். "பாட்டுப்பெட்டி விக்கிற பொண்ணு எப்ப டாக்டராச்சு?" நான் அண்ணன் காதில் வண்டை வைத்து, வலது பக்கத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, இடது பக்கச் சத்தத்தை மட்டும் கூட்டினேன். அண்ணன் ஒன்றும் கேட்காமல் நின்றார். "கேட்டுக்கிட்டே கேக்காத மாதிரி நிக்கிறான். வெளிய போ" என்றார் கிராணி. "நான் போக மாட்டேன். எஸ்டேட் கிளினிக் டிரஸருக்கு எழுதிக் குடுங்க, அவரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பட்டும்" என்றேன். அந்தச் சத்தத்தில் பக்கத்து அறையிலிருந்து டீமேக்கர் வந்தார். பெக்டரி முழுக்க அவர் பொறுப்பு. எப்போதும் கத்தித்தான் பேசுவார். திமிர் பிடித்தவர் என்று லயத்தில் எல்லாரும் சொல்வோம். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "கொண்டா. நான் வச்சுப் பார்த்து இவன் நடிப்ப நிறுத்தறேன்" என்று தானே மாட்டிக்கொண்டார். இடது பக்கத்தைக் கூட்டினேன். "போடு" என்றார். "போட்டாச்சு சார்." "போடும்மா!" என்று கத்தினார். நான் முழுக்கக் கூட்டியிருந்தேன். அவர் காதிலிருந்து கசிந்து வந்த நாதஸ்வரம், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த கிராணிக்குக்கூடக் கேட்டது. கிராணி பேனாவைக் கீழே வைத்தார். டீமேக்கர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். முனியாண்டி அண்ணன்தான் மெல்ல அருகே போய், தன் கையால் அவர் காதிலிருந்து அதை எடுத்தார். டீமேக்கர் முதல்முறையாகத் தணிந்த குரலில் பேசியதை அன்றுதான் கேட்டேன்: "கிராணி, டிரஸருக்கு எழுதறப்போ ரெண்டு பேர் பேரையும் எழுதுங்க."

போர்டு

முனியாண்டி அண்ணனுக்குப் பேக்கிங் வேலை கிடைத்தது. எனக்கு வேலை போனது. செட்டைத் திருப்பி வைக்கப் போனபோதே தவுக்கே, "நீ சாமான் விக்க வந்தியா, எஸ்டேட்ல சண்ட போட வந்தியா?" என்றார். "ரெண்டுக்கும்" என்றேன். வீட்டுக்கு வந்து அழுதேன். கோபத்தில் அழுதது, அது வேறு. மறுநாளே அம்மாவோடு மலைக்குப் போனேன். என் விரலுக்குக் கொழுந்தும் தெரியவில்லை, முற்றலும் தெரியவில்லை. இரண்டையும் சேர்த்துக் கிள்ளிப் போட்டேன். அம்மா என் கூடையில் இருந்ததைப் பொறுக்கிப் பொறுக்கி எறிந்துகொண்டே வந்தார். எல்லாவற்றையும்விட அதுதான் வலித்தது. ஆனாலும் போய் மன்னிப்புக் கேட்கத் தோன்றவில்லை.

அடுத்த வாரமே தவுக்கேயின் வேன் எங்கள் லயத்து முன்னால் வந்து நின்றது. லயமே வெளியில் வந்துவிட்டது. வேனிலிருந்து இறங்கியவர் சுற்றிலும் பார்த்து, குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னார். எது உசத்தி என்று தெரியாமல் வண்டை வெள்ளி விலைக்கே விற்றிருக்கிறார். வெள்ளியை வண்டு விலைக்கு விற்று, வாங்கியவர் திரும்பி வந்து சத்தம் போட்டிருக்கிறார். "எனக்கு எல்லாம் ஒரே சத்தமாத்தான் கேக்குது சரோ. நீ வந்துடு லா" என்றார். வருகிறேன், ஆனால் கடை வாசலில் ஒரு போர்டு வைக்க வேண்டும், யார் வந்தாலும் காதில் வைத்துப் பார்க்கலாம் என்று தமிழிலும் எழுத வேண்டும் என்றேன். மாரியாயி அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவர் பதிலுக்காகக் காத்து நின்றார். பார்வதியும் நின்றாள். தவுக்கே எங்களையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தார், வேன் கதவைத் திறந்தார், ஒரு காலை உள்ளே வைத்துக்கொண்டு சொன்னார்: "எழுது. ஆனா சின்ன எழுத்துல எழுது லா."

பெரிய எழுத்தில்தான் எழுதினேன். ஆனால் இவ்வளவு சண்டை போட்டவள் சொந்தமாக ஒரு இயர்போன் வாங்கினாளா என்று கேட்டால், இல்லை, நாள் முழுக்க அடுத்தவர் காதோடு மல்லுக்கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால் என் காதுக்கு வேண்டியிருந்தது, கொஞ்ச நேரம் யாரும் எதையும் உள்ளே வைக்காமல் இருப்பதுதான்.